வயதான துப்பாக்கிக்காரனை வைத்து ஒரு மறுபார்வை வெஸ்டர்ன் திரைக்கதை எழுதுவது எப்படி

அமெரிக்க மேற்கின் துப்பாக்கிக்காரர்களைப் பற்றிய படம் வெஸ்டர்ன்; பழைய வெஸ்டர்ன் வீரமாகக் காட்டியதைக் கேள்வி கேட்பது மறுபார்வை வெஸ்டர்ன். அதை எழுத, முதலில் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நாயகனின் பெயர், ஊர், பகை எல்லாம் பிறகு வரட்டும். இந்த வகைத் திரைக்கதைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த முதல் கணக்கில்தான். கதை 1875இல் நடக்கிறது, நாயகனுக்கு 60 வயது, இளமையில் ரிவால்வரால் பேர் வாங்கியவன் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் அவன் பிறந்தது 1815. அவனுடைய முப்பதாவது வயதில், 1845இல், மேற்கில் ரிவால்வரே அபூர்வம். துப்பாக்கித் தயாரிப்பாளர் கோல்ட் 1836இல் காப்புரிமை வாங்கிய முதல் மாடல்கள் டெக்ஸஸ் ரேஞ்சர்கள் கையில் கொஞ்சம் இருந்தன, அவ்வளவுதான். 1851 நேவி மாடலுக்குப் பிறகே ரிவால்வர் பரவலாகிறது. எல்லாரும் படங்களில் பார்த்துப் பழகிய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி 1873இல்தான் வருகிறது.

கணக்கைப் போரிலிருந்து போட்டால் சரியாக வரும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை. 1863இல் 18 வயதில் படையில் சேர்ந்தவன் 1845இல் பிறந்தவன். அபிலீன், எல்ஸ்வொர்த், டாட்ஜ் சிட்டி என்று கன்சாஸின் மாட்டுச் சந்தை ஊர்கள் கொதித்துக்கொண்டிருந்த 1867–1885 காலத்தில் அவனுக்கு 22 முதல் 40 வயது. அவன் பேர் வாங்கிய காலம் அதுதான். கதையை 1895க்கும் 1905க்கும் நடுவில் வையுங்கள். அவனுக்கு 50 முதல் 60 வயது ஆகியிருக்கும். சுற்றியிருக்கும் உலகமும் அதற்குள் மாறிவிட்டிருக்கும். கிளிடன் என்பவர் 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி மேய்ச்சல் வெளியை அடைத்துவிட்டது. 1886–87 குளிர்காலம் மந்தைகளைக் கொன்று பெரிய பண்ணைகள் பலவற்றை முடக்கிவிட்டது. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடியேற்றத்தின் எல்லைக்கோடு என்று தனியாகச் சொல்ல இனி எதுவும் இல்லை என்று எழுதிவிட்டது. ஊரில் தொலைபேசி இருக்கலாம், ரயில் நிச்சயம் இருக்கும்.

அடுத்து, அவன் எதை வைத்துப் பிழைக்கிறான் என்று முடிவு செய்யுங்கள். "எங்கோ தனியாக வாழ்கிறான்" என்று விட்டுவிட்டால் பாத்திரம் காற்றில் நிற்கும். உண்மையில் இந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன. கொள்ளைக்காரர் ஃபிராங்க் ஜேம்ஸ் 1882இல் சரணடைந்து, வழக்கில் விடுதலையாகி, செருப்புக்கடையில் விற்பனையாளராகவும் நாடகக் கொட்டகையில் வாசல்காரராகவும் வேலை பார்த்தார். கடைசிக் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு தன் குடும்பப் பண்ணையைச் சுற்றிக் காட்டினார். முன்னாள் ஷெரிஃப் பேட் மாஸ்டர்சன் நியூயார்க்கில் விளையாட்டுப் பத்தி எழுத்தாளராகி, 1921இல் பத்திரிகை அலுவலக மேசையிலேயே இறந்தார். முன்னாள் காவலர் வையட் அர்ப் 1896இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு குத்துச்சண்டைக்கு நடுவராக இருந்தார். மறைவாகத் துப்பாக்கி வைத்துக்கொண்டு வளையத்துக்குள் ஏறியதற்காக அபராதம் கட்டினார். ஜான் வெஸ்லி ஹார்டின் 1878 முதல் 1894 வரை சிறையில் இருந்து, சட்டம் படித்து, எல் பாஸோவில் வழக்கறிஞராக உட்கார்ந்தார். 1895 ஆகஸ்டில் சலூனில் பகடை உருட்டிக்கொண்டிருந்தபோது தலையில் சுடப்பட்டு இறந்தார். இவர்களில் யாரையும் உங்கள் கதைக்குள் கொண்டுவர வேண்டாம். உங்கள் ஆளுக்கு இப்படி ஒரு வேலை, ஒரு வாடகை அறை, யாருக்கோ தர வேண்டிய கடன் என்று மூன்றையும் கொடுங்கள். முதல் பத்து பக்கத்துக்குள் அந்த மூன்றும் தெரிந்துவிட வேண்டும்.

உடம்பு

முதுமையைக் காட்ட நரைத்த தாடியும் இருமலும் போதும் என்று நினைத்தால் படம் அங்கேயே நின்றுவிடும். அவன் தொழிலை எந்தெந்த உறுப்பு செய்தது, அது இப்போது எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண், கட்டைவிரல், காது. இந்த மூன்றும்தான் கதையை நகர்த்தப் போகின்றன.

கண்ணில் நடப்பது கிட்டப்பார்வை அல்ல. நாற்பதைத் தாண்டியதும் கிட்டத்தில் குவியும் திறன் குறைந்துகொண்டே போகும். ஐம்பத்தைந்து, அறுபதில், கை நீட்டிப் பிடித்த துப்பாக்கியின் முனையில் இருக்கும் குறிமுள் மங்கிவிடும். எதிரே நிற்பவனின் முகமோ தெளிவாகத் தெரியும். சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் முன்குறி ஒரு மெல்லிய தகடு. பின்குறி துப்பாக்கிச் சட்டகத்தின் மேல் வெட்டிய ஒரு காடி, அவ்வளவே. அறுபது வயதுக்காரனுக்கு இவை இரண்டும் நிழலாகத்தான் தெரியும். அவனுக்கு இலக்கு தெரிகிறது, கருவி தெரியவில்லை. அதனால் பத்தடியில் அவன் இன்னும் ஆபத்தானவன். முப்பது கெஜத்தில் வெறும் அதிர்ஷ்டத்தை நம்பியவன். அவனுடைய ஒவ்வொரு முடிவும், எந்த மேசையில் உட்காருவது, எந்த வாசல் வழியாக நுழைவது என்பது உட்பட, இந்தத் தூரக் கணக்கிலிருந்து பிறக்கட்டும். வசனத்தில் "எனக்குக் கண் சரியில்லை" என்று ஒருமுறைகூட வர வேண்டியதில்லை.

கட்டைவிரல் இதைவிட முக்கியம். சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு குண்டுக்கும், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். விசையை மட்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மூட்டுத் தேய்மானம் வயதானவர்களைப் பிடிக்கும் இடங்களில் கட்டைவிரலின் அடி மூட்டு முதன்மையானது. குளிர்காலக் காலையில் அந்த மூட்டு மடங்காது. சுத்தியலை முழுக்க இழுப்பதற்குள் விரல் நழுவினால் குண்டு எங்கோ பாயும், அல்லது சுத்தியல் பாதியில் நின்றுவிடும். இதை முன்கூட்டியே பார்வையாளருக்குப் பழக்கிவிடுங்கள்: சட்டைப் பொத்தான் போட முடியாத கை, காப்பிக் குவளையை இரண்டு உள்ளங்கையாலும் பிடிக்கும் கை. பிறகு சண்டைக் காட்சியில் யாரும் எதுவும் விளக்கத் தேவையில்லை.

முப்பது வருடம் காதருகே வெடித்த கறுப்பு வெடிமருந்து காதைச் சும்மா விட்டிருக்காது. முதலில் போவது உயர்ந்த ஒலிகள். குழந்தை, பெண் பேசும் சொற்களின் மெய்யெழுத்துகள் நழுவும். கனத்த ஆண்குரல் கேட்கும். முதுகுக்குப் பின்னால் சுத்தியல் சொடுக்கும் சத்தம் அவனுக்குக் கேட்காது, பார்வையாளருக்குக் கேட்கும். ஒலி வடிவமைப்பாளருக்கு இதை ஸ்கிரிப்ட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாக: குதிரையில் ஏறுவது இடப்பக்கம், அதற்கு வாசல்படியோ வெட்டிய மரத்தின் அடியோ தேடுவான், நடுவெளியில் இறங்கமாட்டான். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பான். முகாமில் காவல் வைக்கும் காட்சிக்கு இதைவிட இயல்பான காரணம் கிடையாது. பல் இல்லாதவனுக்கு உலர்ந்த இறைச்சி தின்னக் கொடுக்காதீர்கள்.

துப்பாக்கி

துப்பாக்கியைச் சரியாக எழுதினால் பாதித் திரைக்கதை தானாக அமையும், ஏனென்றால் அந்தக் காலத்து ஆயுதம் மெதுவானது, அழுக்கானது, எண்ணி முடியக்கூடியது.

சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் சிலிண்டரில் ஆறு அறைகள். விவரம் தெரிந்தவர்கள் ஐந்துதான் போட்டார்கள். சுத்தியலின் முனையிலேயே ஊசி இருக்கிறது. அது தோட்டாவின் மேல் அமர்ந்திருந்தால் ஓர் அடி பட்டாலே வெடிக்கும். வையட் அர்ப்புக்கே 1876 ஜனவரியில் விசிட்டாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ரிவால்வர் நழுவி விழுந்து வெடித்ததை உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. நிரப்பும் வரிசை இது. சுத்தியலைப் பாதி இழுத்தால் சிலிண்டர் தடையில்லாமல் சுழலும். வலப்பக்கம் இருக்கும் சிறு கதவைத் திறக்க வேண்டும். ஒரு தோட்டா போட்டு, ஓர் அறையை விட்டு, மீதி நான்கையும் போட வேண்டும். கதவை மூடி, சுத்தியலை முழுக்க இழுத்து, விசையைப் பிடித்தபடி மெதுவாக இறக்கினால் அது காலி அறையின் மேல் அமரும். சுட்டு முடித்த பிறகு, குழலின் கீழ் இருக்கும் கம்பியைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு வெற்றுத் தோட்டாக் கூடாக வெளியேற்ற வேண்டும். இளைஞனுக்கே அரை நிமிடத்துக்குக் குறையாத வேலை. கட்டைவிரல் மடங்காதவனுக்கு நடு சண்டையில் மறுபடி நிரப்புவது என்பதே இல்லை. அவனிடம் ஐந்து குண்டு. அவ்வளவுதான்.

1875 ஸ்கோஃபீல்ட் மாடல் ரிவால்வரைக் கொடுத்தால் கதை மாறும். அது நடுவில் முறிந்து திறக்கும், எல்லாக் கூடுகளையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும். கை நோவுள்ளவன் இதைத்தான் தேடிப் போவான். ஆனால் கோல்ட்டின் .45 தோட்டா இதற்கு நீளம் அதிகம், உள்ளே போகாது. அவசரத்தில் யாரோ எறிந்த தோட்டாப் பெட்டி பயன்படாமல் போவதற்கு இதைவிட நேர்மையான காரணம் வேண்டுமா? மாறாக .44-40 தோட்டாவை எடுத்துக்கொண்டால் 1873 வின்செஸ்டர் ரைஃபிளுக்கும் அதே அளவில் வந்த கோல்ட்டுக்கும் ஒன்றே போதும். எதைத் தேர்ந்தாலும் முதல் வரைவுக்கு முன்பே தேர்ந்துவிடுங்கள்.

புகையை மறக்காதீர்கள். .45 கோல்ட் தோட்டாவில் ஆரம்பத்தில் 40 கிரெய்ன் கறுப்பு மருந்தும் 255 கிரெய்ன் ஈயக் குண்டும் இருந்தன. கிராமில் சொன்னால் சுமார் 2.6ம் 16.5ம். கறுப்பு மருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். மூடிய சலூனுக்குள் நான்கைந்து குண்டு வெடித்தால் எதிராளியின் உருவம் மறைந்துவிடும், கண் எரியும், காது அடைக்கும். அதன்பிறகு சுடுபவர்கள் சத்தத்தையும் அசைவையும் பார்த்துச் சுடுகிறார்கள். தன் ஆளையே சுட்டுவிடுவது அப்போதுதான் நடக்கிறது. அபிலீனில் 1871 அக்டோபர் 5 இரவு ஊர்க் காவல் தலைவர் ஜேம்ஸ் ஹிக்காக் ஃபில் கோ என்பவரைச் சுட்டார். உதவிக்கு ஓடிவந்த தன் துணைக் காவலர் மைக் வில்லியம்ஸையும் அதே வேகத்தில் சுட்டுக் கொன்றுவிட்டார். டிசம்பரில் ஊர் அவரை வேலையிலிருந்து நீக்கியது. புகழின் உச்சியில் இருந்த ஆள் அவர்.

புகையில்லாத மருந்து 1890களில் கடைக்கு வந்தது. உங்கள் கதை 1898இல் நடந்தால் இளைஞனிடம் அந்த மருந்து போட்ட 1894 மாடல் வின்செஸ்டர் இருக்கும்: வெண்புகை கிளம்பாது, நின்ற இடம் தெரியாது, தூரம் அதிகம். கிழவனின் ஒவ்வொரு குண்டும் அவன் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு தலைமுறை மோதலை வசனமே இல்லாமல் ஒரே ஷாட்டில் சொல்ல இந்த வேறுபாடு போதும். இன்னொன்று: கறுப்பு மருந்தின் எச்சம் ஈரத்தை இழுக்கும், அன்றிரவே வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் பூசாவிட்டால் துரு பிடிக்கும். கொன்ற இரவில் அவன் வெந்நீர் கேட்கிறான் என்று எழுதுங்கள்.

உறை பற்றி ஒரு வரி. தொடையில் கட்டித் தாழத் தொங்கும் உறை பிற்காலத்துச் சினிமா தந்தது. அன்றைய உறை இடுப்பில் உயரமாக, ஆழமாக இருந்தது. பலர் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தார்கள்.

கட்டைவிரலையும் துப்பாக்கியையும் சேர்த்து ஒரு சீன் எப்படி அமையலாம் என்று பாருங்கள்:

உட்புறம். லாயம். விடிவதற்கு முன்.

லாந்தர் ஒன்று. கிழவர் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ரிவால்வர். சுத்தியலை இழுக்கிறார். பாதியில் விரல் நழுவுகிறது. மறுபடி. நழுவுகிறது. கையை அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றுகிறார்.

வாசலில் பையன்.

பையன்: குதிரை தயார், பெரியவரே.

கிழவர்: வெயில் வரட்டும்.

பையன்: விடியறதுக்குள்ள போயிடணும்னு நீங்கதானே சொன்னீங்க?

கிழவர் பதில் சொல்லவில்லை. இடது கையால் சுத்தியலை இழுத்துப் பார்க்கிறார். சொடுக்கு விழுகிறது. பையன் அதைப் பார்க்கிறான்.

இங்கே ஒரு திட்டம் தள்ளிப்போகிறது, காரணம் ஒரு மூட்டு. பையனுக்கு உண்மை தெரிந்துவிட்டது. அதை அவன் யாரிடம் சொல்வான் என்பதே அடுத்த இருபது பக்கத்துக்குப் போதுமான பதற்றம். தகர டப்பாவை நிறுத்திச் சுட்டுத் தவறவிடும் காட்சி தேய்ந்துபோனது, அதை விட்டுவிடுங்கள்.

சண்டை

சுடும் காட்சிகளை எழுதுவதற்கு முன் ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள்: சீன் எண், யார் சுட்டது, எத்தனை குண்டு, எங்கே பட்டது. முழுப் படத்துக்கும் 25 குண்டுக்கு மேல் போகாமல் பாருங்கள். கொலை ஐந்துக்குள். இந்த வரம்பு செயற்கையாகத் தோன்றலாம். ஆனால் 110 பக்கத்தில் 40 பேர் விழுந்தால் ஒருவருடைய சாவுகூட பார்வையாளரைத் தொடாது. தாள் கையில் இருந்தால் ஐந்து தோட்டாக்காரன் ஏழாவது முறை சுடும் பிழையும் தானாகப் பிடிபடும்.

அளவுக்கு, அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் அர்ப் சகோதரர்கள் போட்ட சண்டையை வைத்துக்கொள்ளுங்கள். 1881 அக்டோபர் 26, ஓ.கே. கொரால் என்ற குதிரைக்கொட்டில் பக்கத்து ஒடுங்கிய காலியிடம். எதிரெதிரே நின்றவர்களுக்கு இடையே சில அடி தூரமே. சுமார் 30 விநாடி, சுமார் 30 குண்டு. மூவர் செத்தார்கள், மூவருக்குக் காயம். அனுபவசாலிகள் கையெட்டும் தூரத்தில் சுட்டும் பெரும்பாலான குண்டுகள் வீணாயின. தெருவில் இருவர் எதிரெதிராக நின்று சுடும் சண்டைக்கும் ஒரு பதிவு உண்டு: 1865 ஜூலை 21, மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹிக்காக்கும் டேவிஸ் டட்டும் சுமார் 75 கெஜத்தில் மோதினார்கள். அப்படி நடந்தது அபூர்வம், அதனால்தான் பேசப்பட்டது.

வழக்கமான முறை மறைந்திருந்து சுடுவது. டூம்ஸ்டோன் சண்டைக்குப் பழிவாங்கலாக 1881 டிசம்பர் 28 இரவு வர்ஜில் அர்ப் இருட்டில் வேட்டைத் துப்பாக்கியால் சுடப்பட்டார். இடக்கை எலும்பின் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருந்தது, 1905இல் சாகும்வரை அந்தக் கை உதவவில்லை. 1882 மார்ச் 18 அன்று மார்கன் அர்ப் பில்லியர்ட்ஸ் ஆடும்போது கதவுக் கண்ணாடி வழியாகச் சுடப்பட்டு இறந்தார். உங்கள் நாயகன் பேர் வாங்கிய கொலைகளில் ஒன்றாவது இப்படி நடந்ததாக இருக்கட்டும். அவன் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்குக் காரணம் அதுவே.

குண்டு பட்டவன் உடனே சாய்வது இரண்டு இடங்களில்தான்: தலை, முதுகுத்தண்டு. இதயத்தில் பட்டவன்கூடச் சில விநாடி நின்று திருப்பிச் சுடக்கூடும். வயிற்றில் பட்டவனுக்குக் குடல் கிழிந்து சீழ் வைக்கும்; ஒரு நாள், இரண்டு நாள், சிலசமயம் அதற்கு மேலும் இழுக்கும். தாகம் எடுக்கும், காய்ச்சல் ஏறும், கடைசிவரை சுயநினைவு இருக்கக்கூடும். கொடுக்க இருந்தது லாடனம் என்ற அபின் கரைசலும் மார்ஃபினும் விஸ்கியும். வயிற்றைத் திறந்து குடலைத் தைக்கும் முயற்சி அப்போதுதான் தொடங்கியிருந்தது. டாக்டர் ஜார்ஜ் குட்ஃபெலோ 1881 ஜூலையில் டூம்ஸ்டோன் பக்கத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு அதைச் செய்து காப்பாற்றினார். அதே மாதம் வாஷிங்டனில் சுடப்பட்ட ஜனாதிபதி கார்ஃபீல்டைப் பெரிய மருத்துவர்கள் கழுவாத விரல்களால் துழாவினார்கள். 79 நாள் கிடந்து இறந்தார். இதெல்லாம் உங்கள் மருத்துவர் பாத்திரத்துக்குத் தேவைப்படும். அவர் கை கழுவுகிறாரா இல்லையா என்பதை ஒரு ஷாட்டில் வையுங்கள்.

ஒவ்வொரு கொலைக்கும் மூன்று சீன் ஒதுக்கும் பழக்கம் நல்லது. சுடுவதற்கு முன் அந்த ஆள் ஏதோ ஒரு சாதாரண வேலை செய்வது. விழுந்த பிறகு சாவது. செத்த பிறகு உடலை யார் எடுக்கிறார்கள், குழி வெட்டக் கூலி யார் தருகிறார்கள் என்பது. மூன்றாவது சீனைத்தான் எல்லாரும் வெட்டிவிடுகிறார்கள். பழைய வெஸ்டர்ன் மறைத்து வைத்தது அதைத்தான், ஆகவே வெட்டுவதானால் வேறெதையாவது வெட்டுங்கள்.

பிறகு சட்டம் வரும். மரண விசாரணை, சாட்சிகள், பிணைத்தொகை. டூம்ஸ்டோன் சண்டைக்குப் பிறகு நீதிபதி ஸ்பைஸர் முன் ஏறக்குறைய ஒரு மாதம் விசாரணை நடந்தது. ஹிக்காக்கும் டட் வழக்கில் ஜூரி முன் நின்றுதான் விடுதலையானார். சுட்டுவிட்டு மாலை வெயிலில் குதிரையேறிப் போகும் நாயகனை யாராவது ஒருவர் வாக்குமூலத்துக்குக் கூப்பிடட்டும். ஊருக்குள் துப்பாக்கி கொண்டுவரத் தடை பல ஊர்களில் இருந்தது: டாட்ஜ் சிட்டியில் 1870களிலேயே இருந்தது, டூம்ஸ்டோனில் 1881 ஏப்ரலில் போட்ட ஒன்பதாம் எண் கட்டளை. டூம்ஸ்டோன் சண்டையின் மூன்று சாவும் அந்தக் கட்டளையை நிறைவேற்றப் போன இடத்தில் நடந்ததுதான். நாயகன் ஊருக்குள் நுழைந்ததும் ஆயுதத்தை ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டிய நிலையை வைத்தால், அவன் வெறும் இடுப்போடு தெருவில் நடப்பதை இருபது நிமிடம் காட்டலாம்.

பேர்

ஹிக்காக்கின் கதையில் இந்த வகைப் படத்துக்கான கரு முழுசாகவே இருக்கிறது. 1861இல் நெப்ராஸ்காவின் ராக் கிரீக்கில் நடந்த மோதலில் செத்தவர்கள் மூவர். 1867 பிப்ரவரியில் ஒரு நியூயார்க் மாத இதழ் அதைப் பத்துப் பேரை ஒற்றை ஆளாகக் கொன்ற சண்டையாக அச்சிட்டது. அதன்பிறகு அவர் எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பத்துப் பேர் கூடவே போனார்கள். மலிவுப் பதிப்பு நாவல்கள் 1860லிருந்தே வந்துகொண்டிருந்தன. 1883இல் மேற்கின் சாகசங்களை நடித்துக் காட்டிய பஃபலோ பில்லின் காட்சிக்குழு கிளம்பிய பிறகு பேர் என்பது டிக்கெட் போட்டு விற்கும் பொருளாகிவிட்டது.

எனவே ஃப்ளாஷ்பேக் வைக்காதீர்கள். இளமைக் கொலையை நேரடியாகக் காட்டினால் நல்ல வெளிச்சமும் நல்ல படத்தொகுப்பும் சேர்ந்து அதை வீரச்செயலாக்கிவிடும், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். ஒரே சம்பவத்தை மூன்று வாயில் சொல்ல வையுங்கள். அச்சில் படித்த பையன் ஒரு எண்ணிக்கை சொல்வான். அன்று அங்கே இருந்தவர் ஒரு எண்ணிக்கை சொல்வார், கூடவே செத்தவர்களில் ஒருவருடைய பெயரும் வயதும். நாயகன் எண்ணிக்கையே சொல்லமாட்டான். அந்த அறையில் என்ன நாற்றம் அடித்தது, கணப்பில் என்ன கொதித்துக்கொண்டிருந்தது என்று மட்டும் சொல்வான். மூன்றும் அடுத்தடுத்து வரக் கூடாது, குறைந்தது 25 பக்க இடைவெளி வேண்டும்.

ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதையும் இந்த இடத்தில் தீர்மானியுங்கள், ஏனென்றால் அவனைப் பற்றிய கதையை அச்சிட்டவர்கள் ஒரு சாரார், அதில் செத்தவர்கள் இன்னொரு சாரார். மாடு ஓட்டியவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகர்களும் ஏராளம். பாஸ் ரீவ்ஸ் 1838இல் அடிமையாகப் பிறந்து, 1875 முதல் 1907 வரை துணை மார்ஷலாக இருந்து, அதற்குப் பிறகும், எழுபதை நெருங்கும் வயதில், மஸ்கோகி நகரக் காவலராக ரோந்து நடந்தார். வயதான துப்பாக்கிக்காரன் வெள்ளையனாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சீனர்களைச் சலவைக்கடையில் பின்னணியாக நிறுத்துவதானால், 1882இல் அவர்கள் குடியேறத் தடைச்சட்டம் வந்ததும் 1885 செப்டம்பரில் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் குறைந்தது 28 சீனத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டதும் அந்தக் கடைக்காரருக்குத் தெரியும் என்பதை நினைவில் வைத்து அவருக்கு வசனம் எழுதுங்கள். பழங்குடியினரை எந்தத் தேசத்தவர் என்று பெயரோடு எழுதுங்கள்: லக்கோட்டா, கொமான்சி, சிரிக்காவா அப்பாச்சி. நாயகன் படையில் இருந்தவன் என்றால் யாருக்கு எதிராக, எந்த ஆண்டு என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

பயணமும் பணமும்

குதிரை நடையில் மணிக்கு 6 கிலோமீட்டர் போகும். நாள் கணக்கில் தாங்குவது ஒரு நாளைக்கு 50, 60 கிலோமீட்டர். கிழவனோடு போனால் அதில் பாதி. மூன்று நாள் பயணம் ஆறு நாளாகும், அந்த மூன்று நாளில் எதிரிக்குத் தந்தி போய்ச் சேர்ந்துவிடும். மாடு ஓட்டும் ஆளுக்கு மாதம் 30 முதல் 40 டாலர் சம்பளம். கொலைக்குப் பேசும் தொகையை இதோடு ஒப்பிட்டு வையுங்கள். 500 டாலர் என்றால் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட உழைப்பு, ஓர் ஆள் அதற்காக மனசாட்சியை விற்கலாம். 20,000 டாலர் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஃபிராங்கின் தம்பி ஜெஸ்ஸி ஜேம்ஸைப் பிடிக்க மிசௌரி ஆளுநர் அறிவித்தது 5,000. 1882 ஏப்ரலில் ஜெஸ்ஸியைச் சுட்ட ராபர்ட் ஃபோர்டுக்கும் அவர் சகோதரருக்கும் முழுத் தொகையும் கிடைக்கவில்லை. பேசிய பணம் குறைந்து வருவது உங்கள் கதையிலும் நடக்கட்டும்.

கடைசி இருபது பக்கம்

பெரும்பாலான வரைவுகள் இங்கேதான் கைவிடுகின்றன. தொண்ணூறு பக்கம் உடம்பையும் விலையையும் காட்டிவிட்டு, கடைசியில் கிழவன் ஒரே மூச்சில் எட்டுப் பேரை வீழ்த்துகிறான். தயாரிப்பாளர் கைதட்டுவார், அரங்கமும் கைதட்டும். ஆனால் அந்த இடத்தில் படம் தான் எதிர்த்த கட்டுக்கதையாகவே மாறிவிடுகிறது.

அவன் ஜெயிக்க வேண்டும் என்று முடிவு செய்தால் அதற்குப் பொருள்சார்ந்த காரணம் வேண்டும். தூரம் பத்தடிக்குள் இருக்க வேண்டும். மற்றவர்கள் பதற்றத்தில் அவசரமாகச் சுட, இவன் ஒரு குண்டுக்கு இரண்டு விநாடி எடுத்துக்கொள்ள வேண்டும். புகை இவனுக்குச் சாதகமாக வேண்டும். விழுபவர்களில் ஒருவர் நமக்குப் பெயர் தெரிந்தவராக, சாகத் தேவையில்லாதவராக இருக்க வேண்டும். தோற்க வேண்டுமானால் காரணத்தை முதல் பாதியிலேயே விதைத்திருக்க வேண்டும்: கட்டைவிரல், அல்லது கேட்காத சொடுக்கு, அல்லது பொருந்தாத தோட்டா. மூன்றையும் ஒரே காட்சியில் கொட்டாதீர்கள். ஒன்று போதும், மற்ற இரண்டும் வேறு இடத்தில் வேலை முடித்திருக்கும்.

மூன்றாவது வழியும் உண்டு, அதுதான் எழுதக் கடினம்: சுடாமலே முடிப்பது. அப்படி எழுதுவதானால் ஐம்பதாம் பக்கத்துக்குள் ஒரு கொலையாவது முழு விலையோடு நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பார்வையாளர் ஏமாந்ததாக உணர்வார்.

வரைவு முடிந்ததும் குண்டுக் கணக்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, சண்டைச் சீன்களை மட்டும் இன்னொருவரை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. சண்டைச் சீன் அரைப் பக்கத்தைத் தாண்டினால் எங்கோ வீரம் புகுந்திருக்கிறது, தேடி வெட்டுங்கள். பிறகு நாயகனைப் பற்றி மற்றவர்கள் புகழ்ந்து பேசும் வசனங்களை எல்லாம் தனியே எடுத்து எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் சொல்பவர் அதை எங்கே கேட்டார், எங்கே படித்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவை நீங்கள் சொன்னவை. அவற்றை நீக்கிவிட்டு அடுத்த வரைவைத் தொடங்குங்கள்.